விலக்கு மனு

சுயம்புலிங்கம் ஐந்து மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். எடை பார்த்தான், எழுபத்தெட்டு. இரண்டு முட்டையை அவித்துத் தின்றுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு கல்லூரிக்குப் போய்க் கபடி கோச்சின் அறையில் உட்கார்ந்தான்.

கபடி லீக்கின் ஆட்டக்காரர் ஏலத்துக்குப் பெயர் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். சேர்ந்த படிப்பை முடிக்காத யாரையும் ஏலத்தில் சேர்க்க மாட்டார்கள். மனைவி பேச்சிக்கனி இறந்தபின் அவன் தேர்வு எழுதப் போகவில்லை. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். வீட்டில் சாவு விழுந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மனு எழுதிக் கேட்க வேண்டும். கோச்சே எழுதி வைத்திருந்தார்.

“வாசிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுலே.”

லீக்கில் அவன் ஆட வேண்டும் என்பதே மனைவியின் கடைசி ஆசை, அதைச் சொல்லித்தான் அவள் கண்ணை மூடினாள் என்று இருந்தது.

“அவ அப்படிச் சொல்லல சார்.”

“சொன்னான்னு எழுதுனாத்தாம்லே கமிட்டிக்காரன் மனசு இளகுவான். அவ எந்திரிச்சு வந்து இல்லம்பாளா?”

அவன் பேனாவைத் திறந்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கோச் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்.

“சரி, அப்ப என்னதாம்லே சொன்னா?”

பல்கலைக்கழக அரையிறுதி அன்று, அவன் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: “இன்னிக்கு ஒருநா ஆடப் போவாதிய. எனக்கு என்னமோ பண்ணுது.”