ஒரு செம்புத் தண்ணீர்

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பெண்களுக்கு, தோள்முதல் தொடைவரை பூட்டிப் பாரம் தாங்கும் இயந்திரச் சட்டை வந்தபின் இடுப்புவலி ஒழிந்தது என்றது அறிக்கை. அந்தச் சட்டையின் ப்ராடக்ட் மேனேஜர் ஜெசிந்தாவுக்கு, உச்சிவெயிலிலும் அவர்களின் தண்ணீர்க்குடம் குறையாமல் இருந்ததுதான் உறுத்தியது. மறுநாள் தானே சட்டையை மாட்டிக்கொண்டு மூட்டை தூக்கினாள். செம்பு செம்பாய்த் தண்ணீர் குடித்தாள்.

"குடிங்க மேடம். பொறவு தெரியும்" என்று சிரித்தாள், கூடவே மூட்டை சுமந்த இசக்கியம்மாள்.

பதினோரு மணிக்குச் சிறுநீர் முட்டியபோது தெரிந்தது. சட்டையைக் கழற்றப் பதினாறு பூட்டு. ஒன்பதாவதைத் திறப்பதற்குள் உடுப்பு நனைந்துவிட்டது.

இசக்கியம்மாள் துண்டை நீட்டினாள். "இதுக்குத்தான் நாங்க குடிக்கிறதில்ல. நீங்க இடுப்புவலிய மட்டுந்தான கேட்டீங்க."

ஜெசிந்தா அப்படியே அலுவலகம் போனாள். மறுநாள் பத்தாயிரம் சட்டை அனுப்பவிருந்த முதலாளியின் மேசையில் ஒரு சட்டையையும் ஒரு செம்புத் தண்ணீரையும் வைத்தாள்.

"குடிச்சிட்டுப் போட்டுக்குங்க சார். அனுப்பறதப் பத்தி சாயங்காலம் பேசுவோம்."