இரண்டு காது டம்ளர்

டாக்குரியா ஸ்டேஷனுக்கு வரும் ரயிலின் சத்தத்தில் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. காலை வெயிலில் தரையெங்கும் பால் துளிகள் மினுங்குகின்றன. பிரியம்வதா தலைகூடச் சீவாமல் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் குழந்தை, கையில் பிடிக்க இரண்டு காதும் உறிஞ்ச மூக்கும் வைத்த டம்ளர். "திங்கட்கிழமைலேர்ந்து பாட்டில் கூடாதுன்னு க்ரெஷ்ல பாத்துக்கற மாசி கண்டிப்பா சொல்லிட்டாங்க" என்கிறான் கணவன் ஸ்ரீநாத், ஆபீஸுக்குக் கிளம்ப ஷூவை மாட்டியபடி. "நேத்தும் இதான் சொன்னே. கிளம்பு." அவன் கதவைச் சாத்திக்கொண்டு போகிறான். வாரம் முழுக்கச் செய்ததைப் போலவே அவள் டம்ளரில் தானே ஒரு வாய் உறிஞ்சிக் காட்டுகிறாள். "பாரு கண்ணா, அம்மா எப்படிக் குடிக்கறேன்!" குழந்தை தட்டிவிடுகிறது. டம்ளர் உருள்கிறது. அவள் எடுக்கவில்லை, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறாள். கொஞ்ச நேரத்தில் உதட்டில் ஏதோ இடிக்கிறது. குழந்தை டம்ளரின் இரண்டு காதையும் பிடித்து அதை அவள் வாயில் வைத்து அழுத்துகிறது. இது அம்மாவின் டம்ளர் என்று அதற்கு நன்றாகப் புரிந்துவிட்டது. காலையிலிருந்து காபிகூடக் குடிக்காதவள் வாயைத் திறக்கிறாள்.