ஏழாவது குரல்

ஆளை எண்ணாமல், குரலை எண்ணி வேனைக் கிளப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஊர் ஊராகப் பாடப் போகும் எங்கள் இளைஞர் குழு அப்படித்தான். ஆளுக்கொரு எண், வரிசையாகச் சொல்ல வேண்டும். எங்கிருந்தோ வந்து மைக் செட் பார்க்கும் எனக்கும் பன்னிரண்டு என்று ஓர் எண் கொடுத்திருந்தார்கள். ஆக்சிலியா ஏழு.

பாப்பிரெட்டிப்பட்டியிலேயே அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. இனிப் பாடினால் குரலே போய்விடும் என்றார் டாக்டர். அன்று இண்டூரில் ஞானமேரி அக்கா வீட்டில் தங்கினோம். மாதா கோயிலில் பாடிக்கொண்டிருந்தவர் அவர். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வருடமாகப் பேச்சில்லை. ஆக்சிலியாவின் கையைப் பிடித்து, பாடச் சொல்லிச் சைகை காட்டினார்.

"வேணாம் புள்ள. டாக்டர் சொன்னது காதுல வுழலயா?" என்றான் பிரவீன்.

"வுழுந்துச்சு. அக்கா கேக்கறாங்க இல்ல? நீ ஒழுங்கா கீபோர்டு வாசி, போதும்."

முழுப் பாட்டையும் பாடினாள். அப்படி ஒரு பாட்டை நான் கேட்டதே இல்லை. கடைசி வரி முடிந்ததும் அவள் குரல் நின்றுபோனது.

மறுநாள் காலை அக்கா வீட்டு வாசலில் நின்ற வேனில் எண்ணினோம். ஆறுக்குப் பிறகு ஆக்சிலியா வாயசைத்தாள், சத்தம் வரவில்லை. அக்கா மட்டும் இருந்த வீட்டுக்குள்ளிருந்து அவள் குரலில் "ஏழு" என்று கேட்டது. பிரவீன் "எட்டு" என்றான்.