ஆல் பாஸ்

அவள் எழுந்து நின்றபோது பாதிப் பேர் வடையைக் கையில் எடுத்திருந்தார்கள்.

நகர்மன்றக் கூட்டத்தில் வடை வந்த பிறகு யாரும் எழுந்து நிற்பதில்லை. தலைவர் "ஆல் பாஸா?" என்று கேட்பார். எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். அஜெண்டாவில் இருக்கிற அத்தனை தீர்மானமும் படிக்காமலே நிறைவேறிவிடும்.

இந்த முறை தட்டக்கூட அவசியம் இல்லை. எல்லாம் போன வாரமே முடிந்துவிட்டது.

'நம்ம டவுன்' என்கிற ஃபேஸ்புக் பக்கத்தில்.

ஊர்க் குப்பையை இனி எங்கே கொட்டலாம் என்று தலைவர் அதில் கேள்வி போட்டார். பதினான்காவது வார்டு ஓடைக்கரை என்று பதிலையும் அவரே போட்டார். கவுன்சிலர்கள் ஒவ்வொருவராக வந்து ஆதரவு எழுதினார்கள். மன்றத்துக்குள் பேச வேண்டியதை வெளியே பேசி முடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே என ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கீழே கேட்டிருந்தார்.

ஊரே பார்க்கிற இடம், இதைவிட என்ன வெளிப்படை வேண்டும் என்று தலைவர் அவரை மடக்கினார். அதற்கு நிறையப் பேர் கைதட்டினார்கள். எல்லாம் எமோஜியில்தான்.

முடிந்துபோனதற்கு எதற்குப் போவது என்று இன்றைக்கு ஒருவரும் வரவில்லை. பொதுமக்கள் பெஞ்சில் வாட்ச்மேனின் சாப்பாட்டுப் பை மட்டும் இருந்தது.

பதினான்காவது வார்டு அவளுடையது.

அந்தப் பக்கத்தில் முதலில் ஆதரவு எழுதியதும் அவள்தான். அவள் பெயர், அவள் படம், பக்கத்தில் 'வார்டின் வளர்ச்சிக்கு என் முழு ஆதரவு.'

அவள் எழுதவில்லை. போன் அவள் கணவர் தங்கமுத்துவிடம் இருந்தது. வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதிலிருந்து போன், லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் அவரிடம்தான். கவுன்சிலர் என்று ஊர் கூப்பிடுவதும் அவரைத்தான். மன்றத்துக்குள் மட்டும் அவரை விடுவதில்லை. அதற்குத்தான் அவள்.

காலையில் ரேஷன் கடையில் ஒருத்தி கேட்டாள்.

"ஓடைக்கரை போர்வெல் தண்ணியத்தான உன்ற புள்ளைகளும் குடிக்குது. எப்படிக் கண்ணு உனக்கு எழுத மனசு வந்துச்சு?"

நான் எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் வீட்டு மானம் போகும். அரிசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பேசாமல் இருந்து இருந்தே அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

"குப்பைத் தீர்மானத்தைப் படிக்கோணுங்க. அதுக்கு எனக்குச் சம்மதமில்லைங்க."

 

தலைவர் கோபப்படவில்லை. "என்ன அம்மிணி, பேஜ்ல நீங்கதான மொதல்ல ஆதரவு போட்டீங்க?" என்றார்.

சிரித்தார்கள். அந்தப் போன் யாரிடம் இருக்கிறது என்று அங்கே தெரியாதவர்கள் இல்லை. தெரிந்ததால்தான் சிரித்தார்கள்.

அவள் உட்காரவில்லை.

பின்வரிசையில் ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து நாற்காலி ஜெரினா அவள் சேலையை இழுத்தாள். தன் போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். 'நம்ம டவுன்' பக்கத்தில் அவள் பெயரில் புதிதாக ஒன்று வந்திருந்தது.

'மன்றத்தில் வாய் தவறிப் பேசிவிட்டேன். என் ஆதரவில் மாற்றம் இல்லை.'

எதிர்ப் பேக்கரியில் உட்கார்ந்து தங்கமுத்து தட்டியிருக்கிறார். டீ ஆறுவதற்குள்.

தலைவரும் பார்த்துவிட்டார். "இப்பத்தான் போட்டிருக்கீங்க. நீங்களே பாருங்க" என்று தன் போனைத் தூக்கிக் காட்டினார்.

அவள் இரண்டு கைகளையும் தூக்கினாள். விரல்களை விரித்துக் காட்டினாள்.

அவள் கையில் போன் இல்லை.

சிரிப்பு நின்றது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளுக்கு அவமானமாக இருந்தது. தனக்காக இல்லை, கணவருக்காக. கெட்டவர் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் என்றால் தூங்க மாட்டார். கஞ்சி வைத்து ஆற்றிக் கொடுப்பார். இந்த ஒரு பதவியில்தான் மனுஷன் இப்படி ஆகிவிட்டார்.

நகராட்சி ஆணையர் தொண்டையைச் செருமினார். "மேடம், மன்றத்துல சொல்றதுதான் செல்லும். நீங்க ஆட்சேபிச்சா ஆல் பாஸ் கிடையாது. ஒவ்வொண்ணா படிச்சு, எல்லாரும் கை தூக்கணும். ஆட்சேபணைன்னு எழுதிக்கட்டுங்களா?"

கிளார்க் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

கீழே தெருவில் பைக் ஹாரன் கேட்டது. வீட்டு கேட்டைத் திறக்கச் சொல்லி அடிக்கிற அதே ஹாரன். அது கேட்டதும் எழுந்து ஓடிப் பழகிய கால் ஒருமுறை பதறியது.

"எழுதுங்க" என்றாள்.

ஹாரன் மறுபடி அடித்தது. விடாமல் அடித்தது.

குப்பைத் தீர்மானத்தைக் கிளார்க் படித்து முடித்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார் ஆணையர். தலைவர் தூக்கினார். இன்னும் சிலர் தூக்கினார்கள். சிலருடைய கை தோள் வரை வந்து நின்றுவிட்டது. ஜெரினா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆணையர் எண்ணத் தொடங்கினார்.

ஹாரன் நின்றுவிட்டது. இப்போது படிக்கட்டில் செருப்புச் சத்தம்.

அவள் வாசல் பக்கம் திரும்பவில்லை.

"எண்ணி முடிச்சதும் அடுத்ததையும் படிங்க" என்றாள்.