தேய்ந்த குழல்

கொட்டகையில் மூன்று பேர் இருந்தோம். இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் பொருத்திய மேசையருகே நான், அடுப்புப் பக்கம் கவிழ்த்த வாளிமேல் டெல்மர், இறந்துபோன என் மனைவி நீட்டாவின் நாற்காலியில் நாய்.

மொன்டானாப் பனியில் என் பண்ணைக்கு வேறு யாரும் வருவதில்லை. ரைஃபிள் குழல் தேய்ந்துவிட்டது, மாற்ற இன்னொரு ஆள் வேண்டும் என்றால் டெல்மர் வருவான். வேலை முடிந்தால் போய்விடுவான்.

பழைய குழலைக் கழற்றினோம். டெல்மர் மேசையிலிருந்த ஒரு குழலை எடுத்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தான்.

"டேய் ஆர்லோ, உள்ள தோட்டாவச் சுழற்றுற வரி ஒண்ணுகூட மிச்சமில்லடா! இத வச்சுச் சுட்டா மான் நின்னு சிரிக்கும்."

"அதான் உன்னக் கூப்பிட்டேன்."

"அவசரப்படாத. கழட்டியாச்சுல்ல, புதுச நாளைக்கு வந்து மாட்டலாம். காபிய மட்டும் பாத்திரம் கழுவுன தண்ணி மாதிரி போடாத."

பழைய குழல் தேயவே இல்லை. நீட்டா போனபின் நான் ஒருமுறைகூடச் சுடவில்லை. ஆனால் டெல்மர் பார்த்தது அதையல்ல. காலையில் பெட்டியிலிருந்து எடுத்து வைத்த புதுக் குழலை. காலமெல்லாம் போட்டிகளில் சுட்டவனுக்கா வித்தியாசம் தெரியாது? இந்தக் குளிர்காலம் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் ஒரே தட்டுதான்.

அவன் வண்டி மறைந்ததும் குழல் செய்பவருக்கு எழுதினேன்:

"ஐயா, நீங்கள் அனுப்பிய குழல் அருமை. ஆனால் நண்பர் தேய்ந்துவிட்டது என்கிறார். இன்னொன்று அனுப்பவும்."

உறையை ஒட்டி, சாலையோரத் தபால் பெட்டியில் வைத்து, தபால்காரர் கண்ணில் படும்படி அதன் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டேன்.