பலூனில் மூன்று பேர்

மர்டோவின் இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. கிழிந்த பலூன் வடகடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. மூவரில் ஒருவரைத் தள்ளிவிட்டால்தான் மற்ற இருவரும் பிழைப்பார்கள்.

பலூன் என்பது ஃப்ரேசர்பரோ துறைமுகத்து மீன் ஷெட்டின் தேநீர் அறையில் போட்ட மூன்று நாற்காலிகள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஆடிய அதே வாத விளையாட்டுதான். ஆளுக்கொரு வேடம் எடுத்து, தன்னை ஏன் தள்ளக்கூடாது என்று வாதாட வேண்டும். ஷெட்டில் ஒரு வித்தியாசம்: சனிக்கிழமைதோறும் தோற்றவர் மீன்குடல் தொட்டிக்குள் இறங்கிக் கழுவ வேண்டும்.

மர்டோவுக்குப் பேச வராது. போன வாரமும் அவன்தான் இறங்கினான். இன்னொரு முறை குனிந்தால் நிமிர முடியாது.

"நான் டாக்டர். என்னைத் தள்ளினா ஊரே நோயில போயிரும்," என்றாள் யூனா.

"நான் பாதிரி. நான் இல்லாட்டி ஊருக்கு மோட்சம் ஏது?" என்றான் ஃபெர்கஸ்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் குறட்டை விடுற பாதிரி!" என்று யூனா சிரித்தாள்.

நடுவர் பெல்லா, ஷெட்டின் மேற்பார்வைக்காரி, கரண்டியால் கோப்பையைத் தட்டினாள். "மர்டோ, நீ?"

"நான் பாராசூட் மாட்டிக்கிறேன்."

"பலூன்ல பாராசூட் கிடையாது."

"தேடிப் பாத்தீங்களாக்கா?"

"பலூனே கற்பனைடா, மடையா!"

"அப்ப பாராசூட் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"பலூனைக் கிளப்பினது நான். அதுல என்ன இருக்கு, இல்லன்னு நான்தான் சொல்லுவேன்."

மர்டோ தலையைச் சொறிந்தான். "சரி, நீந்தியாவது கரையேறலாமா?"

"இந்தக் குளிர்லயா? விழுந்த வேகத்துலயே உயிர் போயிரும். நாடி பாக்கக்கூட வேணாம்," என்றாள் யூனா.

ஃபெர்கஸ் தொப்பியைக் கழற்றினான். "கவலைப்படாதடா. அடக்க ஜெபத்தை நானே பண்றேன்." பண்ணவும் செய்தான்.

"செத்தது செத்ததுதான். அப்புறம் பேச்சு மாறக்கூடாது," என்று பெல்லா தீர்ப்புச் சொன்னாள்.

மர்டோவைத் தள்ள மற்ற மூவரின் கையும் உயர்ந்தது. அவனை நாற்காலியோடு கவிழ்த்தார்கள். கிடந்தவன் கிடந்தபடியே கிடந்தான்.

யூனா ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து அவன் மார்பில் போட்டாள். "எந்திரிடா. தொட்டி நாறுது."

மர்டோ கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"பொணம் எங்கயாவது தொட்டி கழுவுமா? அது உயிரோட இருக்கிற உங்க வேலை."