சாய்த்துப் பார்த்த பல்

படத்தில் பல் முழுசாக இருந்தது. வாயில் ஆடியது.

ஏரிக்கரை ஆஸ்பத்திரியின் பல் டாக்டர் லுசுங்கு எக்ஸ்ரே படத்தை மூன்றாவது முறையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேல்வரிசை நடுப்பல். வேர் நுனிவரை ஒரு கீறல்கூட இல்லை.

நாற்காலியில் சாய்ந்திருந்த தெம்வா, ஏரி நடுவே இருக்கும் தீவில் டீச்சர். நேற்று இங்கே நடந்த நெட்பால் இறுதி ஆட்டத்தில் அவள் வாயில் ஒரு முழங்கை இடித்துவிட்டது. தீவுக்குப் படகு வாரத்துக்கு ஒரு நாள்தான். அது இன்றைக்கு, பன்னிரண்டரைக்கு.

மணி பதினொன்று.

"பிடுங்கிருங்க அக்கா. எல்லாருக்கும் அதத்தானே பண்றீங்க."

பொய்யில்லை. வெளியே பெஞ்சில் பதினான்கு பேர். எல்லாரும் பிடுங்கிக்கொள்ள வந்தவர்கள். உதவியாளர் சிர்வா கேட்காமலேயே இடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டார். இருபது வருடப் பழக்கம்.

"இடிச்சது எவ, தங்கச்சி? எங்க ஆஸ்பத்திரி டீமா? கப்பையும் எடுத்து, பல்லையும் எடுத்துட்டாளுங்களா?" என்று சிரித்தார் சிர்வா.

"பந்துக்குத் தாவுனோம். யாருன்னு பாக்கல." தெம்வா சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

லுசுங்கு படத்தைக் கீழே வைத்தாள். கொளுத்தும் அக்டோபர் வெயிலிலும் கோட்டின் முழுக்கையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருந்தாள்.

பல்லின் முனையை ஒரு விரலால் மெல்ல அசைத்தாள். இன்னொரு விரலை ஈறின்மேல் வைத்து, மேல்நோக்கி நகர்த்தினாள். முழுப்பல்லும் கழன்றிருந்தால் வேர் நுனிவரை அசைவு தெரியும். இங்கே பாதி உயரத்தில் அசைவு நின்றது. அதற்கு மேலே கல் மாதிரி இருந்தது.

ஆக, வேர் முறிந்திருக்கிறது. படம்தான் ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

முறிவு ஆழத்தில் இருந்தால் சுற்றியுள்ள எலும்பு இரண்டு துண்டையும் பிடித்துக்கொள்ளும், சேர வழியுண்டு. ஈறு விளிம்பை ஒட்டி இருந்தால் பிடித்துக்கொள்ள அதிகம் எதுவும் இல்லை. விரல் சொல்வதை மட்டும் நம்பி ஒருத்தியைத் தீவுக்கு அனுப்ப முடியாது. கண்ணால் பார்க்காமல் இருபத்து மூன்று வயதுக்காரியின் முன்பல்லைப் பிடுங்கவும் அவளுக்குக் கை வரவில்லை.

"படகு வந்துருச்சா, பாருங்க டாக்டர்," என்றார் சிர்வா.

ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகள் பாதி மூடிய நிலையில் துருப்பிடித்து நின்றிருந்தன. அவள் நின்ற இடத்திலிருந்து வெறும் மங்கல் கண்ணாடிதான், ஒரே சுவர் மாதிரி. முக்காலியில் ஏறினாள்.

பட்டைகளுக்கு நடுவே சட்டென்று இடைவெளிகள் திறந்தன. கீழே ஏரி, படகுத்துறை, வெள்ளைப் படகு. பட்டைகள் சாய்ந்திருக்கின்றன, இடைவெளியும் சாய்ந்திருக்கிறது. பார்வையும் அதே சாய்வில் போனால்தான் உள்ளே நுழையும்.

அவள் இறங்கவில்லை.

"என்ன டாக்டர், அங்கேருந்து பந்து போடப் போறீங்களா?"

"கதிர் நேராப் போயிருக்கு, சிர்வா. முறிவு சாஞ்சிருக்கு. இன்னொரு படம் எடுப்போம்."

இந்த முறை பிலிமைத் தெம்வாவின் வாயில் படுக்கையாக வைத்தாள். கடைவாயால் மட்டும் பிடிக்கச் சொன்னாள். எக்ஸ்ரே குழாயை மூக்குத்தண்டுக்கு மேலே உயர்த்திச் நன்றாகக் கீழ்நோக்கிச் சாய்த்தாள். தூக்கும்போது இடது கை சுண்டி வலித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இருட்டறையில் ஐந்து நிமிடம்.

அதோ. வேரின் சரிபாதியில், கறுப்பு நூல் ஒன்று இழுத்தது போல, குறுக்கே ஒரு கோடு. ஆழத்தில்தான். காப்பாற்றலாம்.

மரத்துப்போக ஊசி போட்டாள். பல்லை விரலால் அழுத்தி மேலே நகர்த்தினாள். மெல்லிய 'டக்' சத்தத்தோடு அது தன் இடத்தில் அமர்ந்தது. இன்னொரு படம்: கோடு முடியளவு ஆகியிருந்தது.

சேரும்வரை அதை அசையாமல் பிடிக்க ஏதாவது வேண்டும். கம்பி தீர்ந்து மாதக்கணக்காகிறது. சிர்வா தன் பையிலிருந்து தூண்டில் நைலானை எடுத்து, ஸ்பிரிட்டில் முக்கி நீட்டினார்.

"பெரிய சாம்போ மீனையே இழுத்துப் போட்டது, தங்கச்சி. பல்லு எங்க போயிரும்?"

இரு பக்கப் பற்களோடும் சேர்த்து நைலானைப் படியவைத்து, ஒவ்வொன்றிலும் பல்நிறப் பசையை ஒரு பொட்டு வைத்து, நீல விளக்கால் இறுகவைத்தாள். உண்மையில் கம்பியைவிட இது மோசமில்லை. கொஞ்சம் நெகிழும், அந்த நெகிழ்வு வேர் ஆறுவதற்கு நல்லது. வேருக்குள் துளை போடவில்லை. உள்ளே நரம்பு இன்னும் பிழைத்திருக்கலாம். மூன்று மாதம் அது சோதனைக்குப் பதில் சொல்லாவிட்டாலும் செத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

படகின் முதல் ஊதல் கேட்டது.

தெம்வா எழுந்தாள். கதவுப் பக்கம் போகவில்லை. லுசுங்குவின் இடது கையைப் பிடித்து, பொத்தானைக் கழற்றி, கோட்டுக் கையை முழங்கைக்கு மேலே தள்ளினாள்.

இரண்டு பல் பதிந்த காயம். ஒன்று ஆழமாக, சுற்றிலும் சிவந்து வீங்கி.

சிர்வா அந்த முழங்கையைப் பார்த்தார். பிறகு தெம்வாவின் வாயைப் பார்த்தார்.

"இதக் கழுவக்கூட இல்லையா அக்கா நீங்க?" மரத்த உதட்டோடு தெம்வா கேட்டாள். தட்டிலிருந்து ஸ்பிரிட் பஞ்சை எடுத்து, காயத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

எரிந்தது. லுசுங்கு கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நாலு வாரம் நைலான் அப்படியே இருக்கட்டும். முன்பல்லால எதையும் கடிக்காதே, கரும்பு தொடவே தொடாதே. நாலாவது வாரம் படகுல நானே வந்து எடுத்துவிடுறேன்."